யெஸ்டி ரோட்கிங் 1986: சீல், சைலன்சர், கிக்கர் லீவர் எங்கே தேடுவது?

திருவட்டாறு_250:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிற ஆளாகத்தான் இருந்தேன், இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். அப்பாவின் யெஸ்டி ரோட்கிங், 1986 மாடல், ஸ்பார்க்குக்கு பிளாட்டினம் பாயிண்ட் (திறந்து மூடுகிற மின்தொடுப்பு) வைத்த 6 வோல்ட் வண்டி. 11 வருஷமாக வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஓணத்துக்கு லீவில் வந்தவன் சும்மா இருக்காமல் அதை வெளியே உருட்டினேன்.

யெஸ்டி ஓட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் கியருக்கும் கிக்கருக்கும் ஒரே லீவர், இடதுபக்கம் இருக்கும், உள்ளே அழுத்தி மேலே தூக்கி நிறுத்தினால் அதுவே கிக்கர். என் வண்டியில் லீவரின் உள்பல் தேய்ந்து தண்டில் வழுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் லீவரைத் தண்டோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டு, இனி ஜென்மத்துக்கும் வழுக்காது என்று சிரித்துக்கொண்டே தந்தார்கள். உண்மைதான், வழுக்கவில்லை. ஆனால் இடதுபக்கக் கவரை இனி எப்படிக் கழற்றுவது? கிளட்ச்சும் பிரைமரி செயினும் அதற்குள்ளேதானே இருக்கின்றன.

வெல்டு வைத்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது, அது வேறு கதை. வெள்ளைப் புகை, கொசு மருந்து அடிக்கிற மாதிரி. இரண்டு நாளில் கியர் ஆயில் கால் லிட்டருக்கு மேல் காணவில்லை, தரையில் ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. சைலன்சர் இரண்டும் அடிப்பக்கம் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஆன்லைனில் ஒரு ஜோடி 5,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன், பளபளவென்று வந்தது, மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஆதிகேசவப் பெருமாள் கோயில் தெரு வரைக்கும் சத்தம். மேட்டில் இழுவையும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் குழாய். கார்புரேட்டரில் ஸ்லைடு (ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறி வழி திறக்கிற துண்டு) கடகடவென்று ஆடுகிறது.

அப்பாவுக்கு 74 வயது. அந்தச் சவத்தை அப்பவே வித்திருக்கலாம் என்று தினமும் சொல்வார், ஆனால் ஆக்கர்காரர் வந்து எடைக்கு விலை கேட்டபோது அவரோடு சண்டைக்குப் போனதும் அப்பாதான். நாகர்கோவிலில் ஆறு கடை ஏறி இறங்கிவிட்டேன், யெஸ்டி என்றதும் எல்லாரும் கையை விரிக்கிறார்கள். சென்னைக்குப் போகணுமா, மைசூர் போகணுமா? யாராவது வழி சொல்லுங்கள்.

பைபாஸ்_மக்கா:

எதுக்கு மக்கா இவ்வளவு பாடு. யெஸ்டிதான் திரும்ப வந்துவிட்டதே, ஷோரூமில் கேட்டால் பார்ட்ஸ் வரவழைத்துத் தருவார்கள். இல்லையென்றால் யூட்யூப் பார்க்கிற பையன்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு.

குளச்சல்_லேத்து:

மேலே எழுதிய தம்பிக்கு முதலில். 2022-ல் வந்த யெஸ்டி 334 சிசி, நாலு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்கிற எஞ்சின். இது 250 சிசி டூ ஸ்ட்ரோக், இதைச் செய்த மைசூர் கம்பெனி 1996-லேயே மூடியாயிற்று. டேங்க்கில் எழுதியிருக்கிற பெயர் ஒன்று என்பதைத் தவிர எஞ்சினில் ஒரு நட்டுகூடப் பொருந்தாது.

திருவட்டாறு தம்பி, நீ கடையில் கேட்ட விதத்தில்தான் கோளாறு. நான் 28 வருஷமாக லேத்து போட்டிருக்கிறேன், பாதி வேலை வள்ளத்து எஞ்சின். அதுக்கெல்லாம் எந்தக் கடையிலும் பெயர் சொல்லி பார்ட் வாங்க முடியாது, அளவு சொல்லித்தான் வாங்கணும். யெஸ்டி ஆயில் சீல் (சுழல்கிற தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்) இருக்கா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவான். பழைய சீலைக் கழற்றித் துடைத்துப் பார், முகத்தில் மூன்று எண் இருக்கும், 25-52-7 என்கிற மாதிரி (உன்னுடையது இதேதான் என்று எடுத்துக்கொள்ளாதே, மாதிரிக்குச் சொல்கிறேன்). உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மில்லிமீட்டரில். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து அள, சீல் உட்கார்ந்திருந்த இடத்தையும் தண்டையும் சேர்த்து அள, பழைய சீல் ஊதியோ சுருங்கியோ இருக்கும், அதை மட்டும் நம்பக் கூடாது. மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு பைக் கடைக்குப் போகாமல் மாவு மில்லுக்கும் பம்புசெட்டுக்கும் பேரிங் விற்கிற கடைக்குப் போ.

பேரிங்கும் அப்படியே. 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. 6305 என்றால் உள்ளே அதே 25, வெளியே 62, அகலம் 17. கடைசி இரண்டு எண் 04-ஓ அதற்கு மேலோ என்றால் ஐந்தால் பெருக்கு, உள்விட்டம் வந்துவிடும். கிராங்க்குக்கு (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருக்கணும், சூட்டில் இறுகாமல் இருக்க உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது அது. கடைக்காரன் சாதாரணத்தைத் தூக்கித் தந்து எல்லாம் ஒண்ணுதான் என்பான். ஒண்ணு இல்லை.

உன் வெள்ளைப் புகை வேறொன்றுமில்லை, கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே உறிஞ்சுகிறது இல்லையா, அந்த உறிஞ்சலில் கியர் ஆயில் உள்ளே போய் எரிகிறது. அதனால்தான் தரையில் ஒழுக்கு இல்லை, ஆயில் மட்டும் குறைகிறது. டைனமோ பக்கத்து சீலும் இதே வயசுதான், அதையும் சேர்த்து மாற்று. அந்தப் பக்கம் போனால் புகை வராது, காற்று இழுக்கும், கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும். புகை வருகிறவன் உயிரோடு இருக்கிறான் என்று எங்கள் ஆசான் சொல்லுவார்.

வெல்டு வைத்த புண்ணியவானைப் பற்றி இங்கே எழுதினால் என்னைத் தூக்கிவிடுவார்கள். கட்டிங் வீல் வைத்து லீவர் பக்கமிருந்து அறுக்கணும், லீவரைப் பலி கொடு, தண்டைத் தொடாதே. லீவர் புதுசு கிடைக்கும், தண்டு கிடைப்பதுதான் பாடு. அறுக்கும்போது ஈரத்துணியைச் சுற்றி வை, இல்லையென்றால் கவர் பக்கத்து சீல் வெந்துபோகும். உனக்குப் பழக்கம் இல்லையென்றால் வண்டியை வேனில் ஏற்றி இங்கே கொண்டுவா.

களியக்காவிளை_டூஸ்ட்ரோக்:

லேத்து அண்ணாச்சி சொன்னது பெரிய உதவி, ஆனால் எல்லாமும் அளவுக்கு அடங்காது, சைலன்சர், லீவர், டேங்க் பேட்ஜ் எல்லாம் தேடித்தான் ஆகணும். நான் என் வண்டிக்கு மூன்று வருஷம் அலைந்தவன், சொல்கிறேன்.

முதலில் திருவனந்தபுரம். உங்கள் ஊரிலிருந்து சென்னையை விட எவ்வளவோ பக்கம், கேரளத்தில் யெஸ்டி வைத்திருக்கிற ஆட்கள் நம்மைப்போல ஆக்கருக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், எவரிடமாவது டப்பா நிறைய பார்ட்ஸ் இருக்கும். ஒருவரைப் பிடித்தால் அவர் பத்துப் பேரைச் சொல்லுவார். ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா யெஸ்டி நாள், ஊர் ஊராகக் கூடுவார்கள். அங்கே போகும்போது தேவைப்படுகிற பார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், போட்டோ போதாது. பெங்களூர் ஜேசி ரோட்டிலும் சென்னை ஜிபி ரோட்டிலும் தேடலாம், பழசு என்றால் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் கேட்டதும் இல்லை என்று சொல்கிறவரிடம்தான் இருக்கும், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

போனில் பேசி முன்பணம் அனுப்பும்போது கவனம். பார்ட்டுக்குப் பக்கத்தில் அன்றைய பேப்பரும் ஸ்கேலும் வைத்து போட்டோ கேளுங்கள். பொருள் கையில் இருக்கிறவன் அஞ்சு நிமிஷத்தில் அனுப்புவான், இல்லாதவன் கோபப்படுவான்.

இன்னொன்று, உடைந்த வண்டி ஒன்று முழுசாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், கியர்பாக்ஸ் பற்சக்கரமெல்லாம் தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஆனால் அதன் எஞ்சினை அப்படியே தூக்கி உங்கள் வண்டியில் வைக்காதீர்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பர் வேறாகிவிடும், அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ரினீவலுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே இருப்பதை மட்டும் எடுங்கள், கிராங்க் கேஸ், அதாவது எஞ்சினின் வெளிக்கூடு, உங்களுடையதே இருக்கட்டும். ஒரு பாதி உங்களுடையது, ஒரு பாதி அதனுடையது என்றும் சேர்க்கக் கூடாது, இரண்டு பாதியும் ஜோடியாக வைத்துத்தான் கடைந்திருப்பார்கள். விண்டேஜ் பதிவு செய்யலாமே என்று யாராவது கிளப்புவார்கள், 2021-ல் வந்த விதிப்படி அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்கணும், உங்கள் 1986 இன்னும் சின்னப்பிள்ளை.

கார்புரேட்டர் பற்றி மட்டும் என் கருத்து: வண்டியோடு வந்த அந்த ஜிகோ கார்புரேட்டரை விட்டுத் தொலையுங்கள். ஒரு மிக்குனி கார்புரேட்டர் போட்டால் ஒரே கிக்.

குளச்சல்_லேத்து:

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மிக்குனி நல்ல சாமான், யார் இல்லை என்றது. ஆனால் நம் ஊரில் மிக்குனி போடுகிறேன் என்று ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டரைத்தான் மாட்டுகிறார்கள். அது 98 சிசி எஞ்சினுக்குச் செய்தது, 250-க்கு அதன் வாய் சிறிசு. ஐடிலிங் அருமையாக நிற்கும், அதில் மயங்கிப்போவான், அப்புறம் முறுக்கிப் பிடிக்கும்போது பெட்ரோல் பத்தாமல் ஒருநாள் தக்கலை ஏற்றத்தில் பிஸ்டன் ஒட்டும். ஜிகோ பாடி மென்மையான உலோகம், ஸ்லைடு ஓடி ஓடி அரித்திருக்கும், அவ்வளவுதான். ஸ்லைடுக்கு வெளியே மெல்லிய பித்தளை உறை போட்டுக் கடைந்து விட்டால் ஆட்டம் நின்றுவிடும். நான் நாலு செய்திருக்கிறேன், நாலும் ஓடுகிறது.

களியக்காவிளை_டூஸ்ட்ரோக்:

அண்ணாச்சி பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது சரி. எல்லா ஊரிலும் குளச்சல் லேத்து இல்லையே. ஆர்எக்ஸ் கார்புரேட்டர் பற்றிச் சொன்னது மட்டும் சத்தியம், நானும் போட்டு அனுபவித்தவன், அதனால்தான் இப்போது பெரிய வாய் உள்ள மிக்குனி போட்டிருக்கிறேன்.

குலசேகரம்_ஷீட்:

ஒரு சந்தேகம் கேட்கிறேன், ஷீட் அடிக்கிற ஷெட்டில் 11 வருஷம் என்றீர்களே, ஆசிட் எங்கே வைக்கிறீர்கள்?

திருவட்டாறு_250:

அதே ஷெட்டில்தான் அண்ணா, வண்டிக்குப் பின்னால் சுவரோரமாகக் கேன். ஏன்?

குலசேகரம்_ஷீட்:

அப்போ சைலன்சர் போனதுக்குக் காரணம் தேட வேண்டாம். ரப்பர் பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் மூடி லேசாகத் திறந்திருந்தாலே ஆவி வந்துகொண்டிருக்கும், நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் குரோமும் இரும்பும் எத்தனை நாள் தாங்கும். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், நிப்பிளுக்குப் பக்கத்தில்தான் முதலில் அரிக்கும். புது சைலன்சர் வாங்கி மறுபடி அங்கேயே நிறுத்தினால் அடுத்த ஓணத்துக்கு இதே கேள்வியோடு வருவீர்கள்.

பழைய சைலன்சரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெளிச்சட்டைதான் ஓட்டை, உள்ளே இருக்கிற தடுப்புக் குழாய் கெட்டியாக இருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் அந்த உள்குழாய்தான் எல்லாம், புகை திரும்பி வந்து அழுத்துகிற கணக்கு அதில் இருக்கிறது, உங்கள் வண்டி இழுக்காமல் போனது அது இல்லாததால்தான். ஏமாந்த ஜோடியும் வீண் போகாது. பழசை அறுத்து உள்குழாயை எடுத்து, கரி போக காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்து, கழுவி, துளைகள் முன்னால் இருந்த அதே தூரத்தில் வருகிற மாதிரி புதுக் கூட்டுக்குள் வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். காஸ்டிக்கில் அலுமினியம் எதையும் போட்டுவிடாதீர்கள், கரைந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

அப்புறம் ரப்பர். டேங்க்குக்கு அடியில் வருகிற மெத்தை, ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி இதெல்லாம் நம் ஊரிலேயே அச்சுப் போட்டு வார்த்துத் தர ஆள் இருக்கிறது, பழசைக் கொடுத்தால் போதும். ஆனால் பெட்ரோலோ ஆயிலோ படுகிற இடத்துக்கு நம் தோட்டத்து ரப்பர் ஆகாது, ஊதிப் பஞ்சாகிவிடும். அங்கே நைட்ரைல்தான் வேண்டும், கேட்டு வாங்குங்கள். ரப்பர்காரனே சொல்கிறேன், நம்புங்கள். பெட்ரோல் குழாயும் டேப்பில் இருக்கிற வாஷரும் கட்டாயம் மாற்றுங்கள், இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, 1986-ல் செய்த குழாய்க்கு அது தெரியாது. வண்டி ஓடாமல் நிற்கப்போகிறது என்றால் டேங்க்கை வடித்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராக நிற்கும்.

திருவட்டாறு_250:

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். வண்டியைக் குட்டியானையில் ஏற்றி அண்ணாச்சி பட்டறைக்குக் கொண்டுபோனேன், அப்பாவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார், கேட்டால் குளச்சலில் மீன் வாங்கணுமாம்.

லீவரை அறுக்க ஒன்றரை மணி நேரம். தண்டின் பல்லில் நுனியில் மட்டும் வெல்டு ஏறியிருந்தது, அண்ணாச்சி முக்கோண அரத்தை வைத்து ஒவ்வொரு பல்லாகப் பைய ராவி எடுத்தார். கவரைத் திறந்தால் கிளட்ச் பிளேட்டில் கார்க் பாதி இல்லை. அது கேள்வியிலேயே இல்லாத செலவு. புது கார்க் பதித்து, மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி ஆயிலில் ஊறப் போட்டோம். சீலில் மூன்று எண்ணில் ஒன்றுதான் தெரிந்தது, மற்ற இரண்டும் வெர்னியர். நாகர்கோவிலில் முன்பு என்னை விரட்டிய கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பேரிங் கடை, எண்ணைச் சொன்னதும் எந்த வண்டிக்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்து வைத்தார்.

பேரிங் கழற்றியதை எழுதியே ஆகணும். நான் சுத்தியலை எடுத்தேன், அண்ணாச்சி பிடுங்கிவிட்டார். கேஸை ஹாட்பிளேட்டில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து விரலால் ரெண்டு துளி வெள்ளம் தெளித்தார், சுர்ரென்று உருண்டு போனது, கேஸைக் கவிழ்த்து மரக்கட்டையில் ஒரு தட்டு, பேரிங் தானாக வந்து விழுந்தது. அலுமினியம் இரும்பை விட அதிகமாக விரியும், அவ்வளவுதான் ரகசியம் என்றார்.

பிஸ்டனில் கீறல் இருந்தது. ஏற்கெனவே 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (சிலிண்டரைக் கடைந்து போடுகிற பெரிய பிஸ்டன்) போட்டிருக்கிறார்கள், அப்பாவுக்கே ஞாபகம் இல்லை. களியக்காவிளை அண்ணா சொன்ன ஆள் மூலமாகத் திருவனந்தபுரத்தில் 0.50 கிடைத்தது, லீவரும் அவரிடமே. பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் சிலிண்டரைப் போர் செய்தோம், அதை அளந்து அதற்குத் தக்கபடி. சைலன்சர் ஒன்றில் உள்குழாய் தப்பித்தது, மற்றதில் அதுவும் மக்கிப்போய்விட்டது, தப்பித்ததை மாதிரி பார்த்து அண்ணாச்சி ஒன்று செய்து தந்தார். ஸ்லைடுக்குப் பித்தளை உறை. மிக்குனி கட்சி மன்னிக்கவும்.

நேற்று ஸ்டார்ட் செய்தோம், லிட்டருக்கு 50 மில்லி ஆயில் கலந்து. பழைய ஆயில் எரிந்து தீரும்வரை ஐந்து நிமிஷம் புகை, அப்புறம் மெலிந்துவிட்டது. நான் குதிக்காத குறை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார், பாயிண்ட் கேப் கூடுதலா இருக்குடே என்றார். நான் கண்டுகொள்ளவில்லை. ராத்திரி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தேன், 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.55.

ஆசிட் கேன் இப்போது கிணற்றடிக்குப் போயாயிற்று. வண்டி முன்வராந்தாவில் நிற்கிறது, அம்மாவுக்குத்தான் கோபம்.

இனி வேண்டியது சைடு பாக்ஸ் பூட்டு ஒன்று. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சாவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.